ஓரளவு முக்கியமான கவிஞர்

உங்கள் நினைவுக் கூட்டத்திலிருந்து நனைந்து திரும்பி, அம்பிட்டிய வீட்டு விறாந்தையில் குடையை விரித்து வைத்திருக்கிறேன். ஈரத் துணியின் வாடை, கண்டி ரயில் நிலையத்துக்கு அருகே நாம் மூவரும் சனிக்கிழமைகளில் கூடிய தேநீர்க் கடையை நினைவுபடுத்துகிறது. நீங்கள் ஹந்தானை மலைத் தோட்டத்திலிருந்து நனைந்தபடி இறங்கி வருவீர்கள். பேராசிரியர் முன்பே வந்து, உங்கள் புதிய கவிதையைக் கிழித்துப் போடத் தயாராக இருப்பார்.

“இது கவிதையே இல்லை, வெறும் பேச்சு. இதில லயம் எங்க இருக்கு?” என்றார் ஒருநாள்.

“நான் பொறந்ததே தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுப் பத்தடிக் காம்பராவுல. எனக்கா லயம் இல்லேங்கிறீங்க?” என்றீர்கள்.

பேராசிரியர் மேசையில் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் நானும் சிரித்தேன். நீங்கள் அதைக் கவனித்துவிட்டீர்கள். “நம்ம சார் இன்னும் தீர்ப்புச் சொல்லலையே! ‘ஓரளவு கவிதைதான்’னு எழுதிருவாரு பாருங்க.”

பத்திரிகை விமர்சனத்தில் அப்படியேதான் எழுதினேன்.

உண்மையில், உங்கள் கவிதைகளை முதல் வாசிப்பிலேயே முழுமையாக நம்பியவன் நான். பேராசிரியருக்குப் பயந்துதான் அதை வெளியே சொல்லவில்லை என்று இத்தனை காலமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன்.

இன்று அந்தச் சமாதானமும் போயிற்று. கூட்டத்தில் பேராசிரியர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். “நான் சொன்னதெல்லாம் பிழை. அந்தாளின்ர கவிதைதான் நிக்கும். என்ர விமர்சனம் நிக்காது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்தது என் முறை. பயப்பட இனி யாரும் இல்லை. எழுதிக்கொண்டு போன தாளைப் பிரித்து, “மலையகக் கவிதையில் ஓரளவு முக்கியமானவர்” என்று வாசித்தேன். அந்த இடத்தில் முதலில் ‘முதன்மையானவர்’ என்றுதான் எழுதியிருந்தேன். யாராவது எழுந்து காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து, புறப்படுமுன் வெட்டிவிட்டேன். வாசித்து நிமிர்ந்தபோது, முன்வரிசையில் இருந்த உங்கள் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வாசலில், மழை விடக் காத்திருந்தபோது, பேராசிரியர் என் கையைப் பிடித்தார்.

“இனி நான் ஆரோட சண்டை பிடிக்கிறது? நீராவது ஒருக்கா என்னை எதிர்த்துப் பேசுமன்.”

“நீங்க சொல்றது சரிதாங்க சார்” என்றேன்.

அவர் என் கையை மெதுவாக விட்டுவிட்டார். அந்தக் கையால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.