வீட்டில் இருப்பவளுக்கு ஒரு பாலிசி

மார்ச் 3
பால், சோப்பு, அத்தையின் மாத்திரை – வரவு செலவு எழுதியாயிற்று. மாடி வீட்டு அக்கா இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகிவிட்டாள். முதலில் எங்கள் கதவைத்தான் தட்டினாள். இவருக்குக் கரண்ட் வேலை, நாள் முழுக்க ஏணியில். "உங்க பேர்லதான் முதல்ல எடுக்கணும்" என்றாள். "நான் செத்தா எவ்வளவுன்னு இப்பவே பேசணுமா? ஆளை விடுங்க!" வழக்கம்போல ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்சூரன்ஸ் என்றாலே எத்தனை வருடமாக இதே பேச்சு.

மார்ச் 4
தன் மகன் வேலைக்குப் போனதும் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். "தினமும் சாமி கும்பிடுற. அப்புறம் என்னடி இன்சூரன்ஸ்? அந்தச் சாமி மேலயே சந்தேகமா?"
சந்தேகமா எனக்கு?

மார்ச் 6
அகராதியைப் பார்த்தேன். காப்பீடு: நஷ்டம் வந்தால் ஈடு கட்டுவதாக முன்கூட்டியே தரும் வாக்கு. அப்படியானால் காப்பது சாமியின் வேலைதான். கம்பெனி ஈடு மட்டும் கட்டும். மனசு லேசானது. யோசித்தால் இந்த வீட்டில் எத்தனை இன்சூரன்ஸ்! மாடி வீட்டில் கொடுத்து வைத்த மாற்றுச் சாவி, டப்பாவில் மெழுகுவர்த்தி, வெயிலிலும் இவர் பையில் நான் திணிக்கிற குடை.

மார்ச் 9
எனக்கு ஒரு பாலிசி வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். நான் இல்லையென்றால் சமைக்க ஆள், அத்தையைக் குளிப்பாட்ட ஆள், மகளுக்குக் கணக்கு டியூஷன். கூட்டினால் இவர் சம்பாத்தியத்தைத் தாண்டுகிறது. மறுபடி கூட்டினேன், அதேதான். அக்கா நெளிந்தாள். "உனக்குன்னு வருமானம் இல்லையேம்மா. அவர் பேர்ல ஒண்ணு இருந்தாத்தான் உனக்குத் தருவாங்க, கம்பெனி ரூல்."
சாமி, இது நான் போட்ட திட்டம் இல்லை.

மார்ச் 10
சாப்பிடும்போது சொன்னேன். கூட்டல் காகிதத்தையும் நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "எங்கம்மாவைக் குளிப்பாட்ட இவ்வளவா கேப்பாங்க?" உள்ளேயிருந்து அத்தை: "நான் படுத்துற பாட்டுக்கு இன்னும் கேப்பாங்கடா!"
இவர் சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். தப்பாகக் கேட்டுவிட்டேனோ?

மார்ச் 11
துவைக்க எடுத்த இவர் சட்டைப் பையில் அந்தக் கூட்டல் காகிதம்.

மார்ச் 13
கையெழுத்துப் போட்டுவிட்டார் – இரண்டிலும்! "உனக்காகத்தான். எனக்குன்னு நினைச்சுக்காதே." அவருக்கு ஏதாவது ஆனால் பணம் வாங்கும் நாமினி நான், எனக்கு அவர். "இவளுக்கு என்னைவிடக் கூடப் போடுங்க" என்று அக்காவிடம் சண்டை வேறு. ரூல் இடம் கொடுக்கவில்லையாம்.

ஏப்ரல் 2
பாலிசிகள் வந்தன. சாமி படத்துக்கு முன்னால் வைக்கப் போனேன். "அவருக்கு எதுக்குடி ரசீது? பீரோவுல வை" என்றார் அத்தை.
இவர் கிளம்பும்போது பார்த்தால், ஹெல்மெட் தலையில்.
"என்னங்க, புதுசா?"
"நாமினி வாசல்லயே நிக்கிறாளே, என்ன செய்ய?"
வாரைப் போடத்தான் தெரியவில்லை. நான் போட்டுவிட்டேன்.