கையெழுத்தை நானே போட்டேன்

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் நகச்சாயத்தைத் துடைத்து அழித்துக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் நம் தலையில் ஒட்டிய வயர்களை நர்ஸ் கழற்றும்போது வருமே, அதே நெடி.

போனக்காட்டு மலைத் தோட்டத்தில் தேயிலை கிள்ளும் நீங்களும், நகரத்துச் சாலைக் கடைத்தெருப் பாத்திரக் கடைக்காரரின் மகளான நானும் அடுத்தடுத்த கட்டிலில் ஐந்து நாள் கிடந்தோம். மூன்று வகை மாத்திரை போட்டும் நிற்காத வலிப்பு இருவருக்கும். மாத்திரையைக் குறைத்துவிட்டு, வலிப்பு வரட்டும், எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கலாம் என்று கேமரா வைத்துக் காத்திருந்தார்கள். "சீரியல் நடிகைகூட இவ்வளவு நேரம் கேமராவுல வரமாட்டா, கேட்டியா" என்று சிரித்தீர்கள்.

முடிவு வந்தது. என் வலிப்பு மூளையின் வலது பக்கத்தில் ஒரே தழும்பிலிருந்து கிளம்புகிறது, அதை வெட்டி எடுக்கலாம் என்றார் டாக்டர். உங்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும். வெட்ட முடியாது, நெஞ்சில் சின்னக் கருவி வைத்துக் கழுத்து நரம்பைத் தூண்டினால் குறையலாம், அடியோடு நிற்காது. நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அன்று மதியம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் என் அப்பா வந்தார். "தலையத் திறக்கவா? பொறவு இவள யாரு கட்டுவா? வேண்டாம்." நான் வழக்கம்போல் தலைகுனிந்தேன். நீங்கள் எழுந்து உட்கார்ந்தீர்கள்.

"அண்ணாச்சி, எனக்கு வெட்ட வழியில்ல. வழியுள்ள புள்ளையத் தடுக்காதீங்க." அப்புறம் என்னிடம், "தலை உன்னுது. கையெழுத்தும் நீயே போடு."

இருபத்தாறு வயதில் முதல்முறையாக அப்பாவை எதிர்த்து, நர்ஸிடம் பேனா கேட்டு வாங்கி, ஆபரேஷன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வருடமாக எனக்கு வலிப்பு இல்லை. கருவி வைத்தபின் உங்களுக்கும் குறைந்தது. மறுபடி மலையேறி வேலைக்குப் போனீர்கள். மூன்றாம் வருடம், தூக்கத்தில் வந்த ஒரு வலிப்பு உங்களைக் கொண்டுபோனது. துக்கத்துக்கு வந்த ஒருத்தி "பேய் பிடிச்சவ" என்று முணுமுணுத்தாள். "அது நோய். பேயில்ல" என்று பிணத்தின் முன்னால் சண்டை போட்டேன்.

போன வாரம் எங்கள் கடை வாசலில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி வலிப்பில் விழுந்தார். பாத்திரம் வாங்க வந்த ஒருவர் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். பிடுங்கி எறிந்தேன். தெருவிலேயே உட்கார்ந்து, தலைக்கடியில் துப்பட்டாவைச் சுருட்டி வைத்து, அவரைப் பக்கவாட்டில் சாய்த்து, நிற்கும்வரை கூடவே இருந்தேன்.

"நீ டாக்டரா புள்ளே?" என்றார் சாவிக்காரர். கல்லாவிலிருந்து அப்பா, சொல்லாதே என்று கையசைத்தார்.

"இல்ல அண்ணாச்சி. எனக்கும் இதே நோய்தான். தலையில ஆபரேஷன் பண்ணியிருக்கு" என்றேன், கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி.

இனி அந்தக் குரலைத் தாழ்த்தமாட்டேன், அக்கா.