விருந்தாளிக்குக் கொடுத்த ஊற்று

ஸாலிமின் வாப்பா அவர்களுக்கு ஃபுரைஜா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ஸாலிமும் மாமாவும் நலம். குவைத்தில் நீங்களும் உங்கள் லாரியும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். ஸாலிமுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. நல்ல செய்தி இவ்வளவுதான். மற்றதைப் பொறுமையாகப் படியுங்கள்.

நோன்புப் பெருநாள் முடிந்து நீங்கள் கிளம்பிப் போன பின்னால் ஹென்ரிக் என்று ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் வந்தார். மூசா நபி தம் மக்களைக் கூட்டிக்கொண்டு நடந்த வழியைத் தேடுகிறாராம். உங்கள் தம்பி ஹுமைதுதான் அவரை ஒட்டகத்தில் ஏற்றிப் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக அலைந்தான். எந்த இடமும் அவருடைய பைபிளோடு பொருந்தவில்லை. காலெல்லாம் கொப்புளமும் வெந்த முகமுமாக நம் ஊற்றடியில் வந்து விழுந்தார். மாமா தன் கையாலேயே அவருக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் சாம்பலில் ரொட்டி சுட்டு வைத்தேன்.

சாப்பிட்ட வாயைக்கூடத் துடைக்காமல் மனிதர் நம் பேரீச்சை மரங்களை எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டு ஊற்றும் எழுபது பேரீச்சையும் இருந்த இடத்தில் அந்த மக்கள் கூடாரம் போட்டார்கள் என்று பைபிளில் எழுதியிருக்கிறதாம். நம்மிடம் இருப்பது அறுபத்தாறு. ஊற்றோ ஒன்றே ஒன்று. பாவம், மனிதருடைய முகம் சுண்டிப்போயிற்று. விருந்தாளி முகம் சுண்டினால் உங்கள் வாப்பாவுக்குத் தாங்குமா? “வெள்ளத்துல நாலு மரம் போயிடுச்சுங்க, அதையும் சேத்து எண்ணுங்க. மத்த ஊத்தெல்லாம் மணலுக்கடியில தூங்குது” என்றார். ஹுமைது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நானும்தான். வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்லி நம் வீட்டில் யாருக்குப் பழக்கம்? பேராசிரியர் மணலில் மண்டியிட்டு அழுதார். அதைப் பார்த்து மாமாவும் அழுதார்.

சிரித்த வாய்க்கு இப்போது நன்றாகக் கிடைத்தது. அந்த மனிதர் ஊருக்குப் போய், மூசா நபியின் மக்கள் தங்கிய இடம் இதுதான் என்று எழுதிவிட்டார். அதைப் பாதுகாக்கவென்று கெய்ரோவிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். மரத்துக்கு மரம் தகரத்தில் எண் எழுதி ஆணி அடித்தார்கள். சுற்றிலும் கம்பிவேலிக்குக் குழி தோண்டுகிறார்கள். வேலி வந்துவிட்டால் ஆடு உள்ளே போகக்கூடாது, நாம் வாளி போடக்கூடாது, இந்தப் பருவத்துப் பழமும் அறுக்கக்கூடாது. தண்ணீர் லாரியில் வருமாம். வந்தால்தான் நிச்சயம்.

நானே போய் அதிகாரியிடம் சொன்னேன். இது மூசா நபி காலத்து மரமில்லை ஐயா, எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கப் பிறக்க ஒவ்வொன்றாக வைத்தது, என் புருஷன் மரம் அதோ, என் மகன் மரம் இதோ என்று காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். “ஏம்மா, உங்க வீட்டுப் பெரியவரே சொன்னதுக்கு மேல நீ என்ன புதுசா கதை சொல்ற?” என்றார்.

மாமாவிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லுங்கள் என்று காலைப் பிடிக்காத குறை. “விருந்தாளிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கச் சொல்றியா மகளே?” என்கிறார். குடுத்தது ரொட்டித் துண்டா, ஊற்று அல்லவா! எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டியைக் கீழே போட்டு உடைத்தேன். ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் மரத்தடியில் உட்கார்ந்து, குழி தோண்டுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் எப்படிக் கோபப்படுவது, சொல்லுங்கள். மதியமானால் அந்த ஆட்கள் நம் வாசலுக்கே தண்ணீர் கேட்டு வருகிறார்கள். தேநீர் போடும்மா என்கிறார் மாமா. நானும் போடுகிறேன். என் ஊற்றை மூட வந்தவனுக்கு என் கையாலேயே சர்க்கரை அள்ளிப் போடுகிறேன்.

ஆடுகளை விற்றுவிட்டுக் கடற்கரை விடுதிகளில் வேலை தேடலாம் என்கிறான் ஹுமைது. ஸாலிமுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் மரத்துக்கு நம்பர் கிடைத்திருக்கிறது என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமை பேசித் திரிகிறான். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. நீங்கள் வந்தாலும் என்ன செய்ய முடியும் என்றும் தெரியவில்லை. ஆனாலும் வாருங்கள்.

இன்னொன்று. நேற்று உங்கள் மரத்தின் அடியிலிருந்து ஒரு கன்றைப் பெயர்த்தெடுத்து எண்ணெய் டின்னில் வைத்திருக்கிறேன். வேலியாட்கள் எதற்கு என்று கேட்டார்கள், நான் டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பு ஒரு தடவை அவசரப்பட்டு எழுதி ஏமாந்தோம், அதனால் இந்த முறை ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்ததும் கன்றை அதன் வாப்பாதான் நட வேண்டும். வாசல் நிழலில் வைத்துத் தினமும் நனைத்து வருகிறேன். குளிர்காலம் வரை அது தாங்கும். அதை நடுவதற்கு எங்கேயாவது ஒரு சாண் இடம் நமக்கு மிஞ்ச வேண்டுமே என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

உங்கள் வழியெல்லாம் அல்லாஹ் துணை நிற்கட்டும்.

உங்கள்
ஃபுரைஜா