மஞ்சள் இல்லாத படம்

மாப்ள,

இன்று காலையில் பிரஸ்ஸில் மஞ்சள் மை டப்பாவைத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதிலிருந்து உன் ஞாபகம்தான்.

பல வருஷத்துக்கு முந்தி ஒரு காலண்டர் சீசன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். மதுரைக்குக் கூட்டிப்போனேன். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "கொழுப்புக் கட்டி மாதிரி தெரியுது. குடல்ல இது அபூர்வம். பெரும்பாலும் புத்துநோயா இருக்காது. ஆனா பெருசா இருக்கு, குடலை அடைச்சிரும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துத் தச்சிரலாம்" என்றார். கையில் அந்தக் கட்டியின் கலர் படம் ஒன்றும் கொடுத்தார்.

அந்தப் படம்தான் வினை. பஸ்ஸில் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாய். "கொழுப்புன்னா மஞ்சளால்ல இருக்கும்? இது சதை மாதிரி ரோஸ் கலர்ல இருக்கு. கலர் எனக்குத் தெரியாதாலே? புத்துநோய்தான், மறைக்கிறாக." கத்தி பட்டால் பரவிவிடும் என்று ஆபரேஷனுக்கும் மறுத்துவிட்டாய். உன் வீட்டுக்காரி, தங்கச்சி அழுதது, நான் திட்டினேன். ம்ஹூம். வலியோ கூடிக்கொண்டே போனது. உன்னை இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"தைரியமிருந்தா டாக்டர் மூஞ்சிக்கு நேரா இதைச் சொல்லுலே" என்று உசுப்பேற்றித்தான் மறுபடி இழுத்துப்போனேன். அவர் கோபப்படாமல், குழாய் விட்டுப் பார்த்தபோது பதிவு செய்ததை டிவியில் போட்டார். கட்டி நல்ல மஞ்சளாக இருந்தது. கம்பியால் அழுத்தினால் தலையணை மாதிரி அமுங்கி எழுந்தது. நீ டிவியைப் பார்த்தாய், படத்தைப் பார்த்தாய், மேஜையிலிருந்த குட்டி பிரிண்டரைப் பார்த்தாய்.

"மஞ்ச மை தீந்த மெஷின்ல அடிச்சுக் குடுத்து என்னையக் கொன்னுட்டீகளே சார்!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நாள்பூரா மையிலயே கெடக்கேன், எனக்கு இது தோணலையேலே" என்று என் காதில் முனகினாய்.

ஆபரேஷன் முடிந்ததும் காற்றுப் பிரிவதற்காகக் காத்திருந்தோம். தைத்த குடல் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். டீ வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைகிறேன், "ஏலே, வெடிச்சிருச்சுலே!" என்று கத்துகிறாய். நர்ஸம்மா உட்பட அத்தனை பேரும் கைதட்டினார்கள். கட்டியைப் பரிசோதித்து, வெறும் கொழுப்புதான் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அதற்கப்புறம் எத்தனை சீசன் சேர்ந்து ஓட்டினோம்! போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டாய். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போக எனக்கு நேரமே தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

இருந்தாலும், துக்கம் கேட்க வருகிறவர்கள் உன் பேச்சை எடுத்தால் எனக்கு நீ கத்தின அந்த வார்டுதான் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.