ஆசாரி உலையில் உருகாத மோதிரம்

18-8-59, செவ்வாய். வடமதுரை.

அலுப்பாக இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

இன்று பத்தாம் வகுப்புக்குப் பிளாட்டினம் பாடம் எடுத்தேன். கறுக்காது, அமிலம் அரிக்காது, சாதாரண உலையில் உருகாது என்று கரும்பலகையில் எழுதும்போதே கை நின்றுவிட்டது.

கல்யாணத்துக்கு மாமனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்து போட்ட வெள்ளை மோதிரம். குழந்தைக்குக் கொலுசு செய்யப் பழைய வெள்ளியோடு அதையும் ஆசாரியிடம் கொடுத்தேன். "இது வெள்ளியே இல்ல சார், உருகவே மாட்டேங்குது" என்று திருப்பித் தந்தார். "உங்கப்பா போலியைப் போட்டு ஏமாத்திட்டாரு" என்று கோமதியிடம் கத்தினேன். அப்புறம் மாமனார் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. போன வருஷம் இறந்தும் போனார்.

சாயங்காலம் கோமதியிடம் எல்லாவற்றையும் சொல்லி, மோதிரம் எங்கே என்று கேட்டேன்.

"அப்பாவத் தூக்குறப்ப அவரு வேட்டி முனையில முடிஞ்சு விட்டுட்டேங்க" என்றாள்.

அந்தத் தீயிலும் அது உருகியிருக்காது.