எயினி மென்ற அரிசி குறித்துக் கருவாயில் கோட்டைக்கு விடுத்த திருமுகம்

மழை நின்ற பின்னும் ஊற்று நில்லாத மணிநீர் நாட்டின் ஏழு மலைகளுக்கும் இரண்டு ஆறுகளுக்கும் உரிய பேரரசியார் ஆழிமாதேவியார், தம் செங்கோல் நடக்கும் பதினான்காம் ஆண்டில் அரசிருக்கையில் வீற்றிருந்து அருளிய ஆணைப்படி, வட எல்லையைக் கண்ணை இமை காப்பது போல் காக்கும் கருவாயில் கோட்டைத் தலைவர் மழவதரையருக்கு, அரச ஓலைகளை எழுதும் அமைச்சராகிய ஓலைநாயகம் வேள்நம்பி எழுதுவது. தங்கள் மதில் உறுதியாய் நிற்க. தங்கள் கிணறுகள் வற்றாதிருக்க. தங்கள் வீரர் நோயின்றி வாழ்க.

முதலில் ஆணை, பின்பு காரணம். எயினி என்னும் பெண்ணின்மேல் எவரும் கை வைக்கலாகாது. இவ்வரியை வாசிக்கும் வேளையில் அவள் யானைக் கொட்டிலுக்கு நடத்திச் செல்லப்படுவாளாயின், வாசிப்பதை நிறுத்தி ஆள் ஓட்டுக. அவள் உயிரோடிருக்கிறாள் என்று அறிந்த பின் மற்றவற்றை வாசிக்கலாம்.

கோட்டையின் சிறுவாயில் தாழ் உள்ளிருந்து திறக்கப்பட்டதும், பகைவர் புகுந்து காவலர் இருவரைக் கொன்றதும் பேரரசியார் அறிவார். அவ்வழியே நீர் சுமப்போர் எழுவரையும் தாங்கள் முற்றத்தில் நிறுத்தி, ஆளுக்கொரு பிடி உலர்ந்த அரிசியை மென்று துப்பச் செய்து, அறுவரது அரிசி ஈரமாகவும் எயினியினது உலர்ந்தும் வந்ததால், வரும் பௌர்ணமியன்று அவளை யானைக்காலில் இடத் தீர்ப்பளித்தீர்கள். அந்த உலர்ந்த அரிசியை ஒரு தேக்கிலையில் பொதிந்துகொண்டு, அவள் தங்கை மருதி மூன்று பகல் நடந்து தலைநகர் வந்தாள்.

அவள் அவையில் இலையைப் பிரித்தபோது, இதை எழுதும் ஓலைநாயகமே நகைத்தார். உள்ளத்தில் கள்ளம் இருந்தால் வாயில் நீர் ஊறாது என்பது முன்னோர் கண்ட முறை என்றார்; தம் வாய் முப்பது ஆண்டுகளாய் வறண்டதில்லை என்றும், வறண்டால் அரண்மனை மடைப்பள்ளிக்கே இழுக்கு என்றும் சொல்லி அவையைச் சிரிக்க வைத்தார். மருதி மட்டும் சிரிக்கவில்லை. அமைச்சரின் வாய் வற்றாதது அவர் நேர்மையாலா, அவரை இதுவரை எவரும் மிரட்டாததாலா என்று அவள் வினவினாள்.

அரண்மனை மருத்துவர் சேந்தியார் அந்த அரிசியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். அது மாவாய் இருந்தது. கள்ளமுடையவள் மெல்லுவது போல் நடித்து நொய்யைத் துப்புவாள். இவளோ உயிரைப் பற்களில் வைத்து மென்றிருக்கிறாள், பல் அவள் சொல்லைக் கேட்டது, எச்சில் கேட்கவில்லை என்று விண்ணப்பித்தார். பேரரசியார் அவையைக் கலைத்தருளினார்.

மறுநாள் காலை ஓலைநாயகம் மீண்டும் அழைக்கப்பட்டார். அவை வெறிச்சோடியிருந்தது. கதவுகள் அவர் பின்னால் அடைபட்டன. உருவிய வாளுடன் நால்வர் நின்றனர். பகையரசனுக்கு அவர் எழுதியதாக ஓர் ஓலை பிடிபட்டது என்று பேரரசியார் முகம் பாராமல் கூறினார். அவர் அத்தகைய ஓலை எழுதியதில்லை. எனினும் அதைச் சொல்ல எடுத்த நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நெஞ்சு பறையடித்தது, உள்ளங்கை வேர்த்துக் குளிர்ந்தது, அவர் மனைவியின் முகமும், யார் அவளிடம் போய்ச் சொல்வார் என்ற எண்ணமும் மட்டுமே மனத்தில் நின்றன. ஒரு பிடி அரிசியை நீட்டினார்கள். மென்றார். தாடை வலிக்க மென்றார். துப்பியது உமி போல் பறந்து அவர் மார்பிலேயே படிந்தது.

அப்போதே பேரரசியார் எழுந்து வந்து, அப்படி ஓர் ஓலை இல்லை என்றும், இது சோதனையே என்றும் கூறி, தம் கையால் அவருக்கு நீர் அளித்தருளினார். குற்றமில்லை என்று தெரிந்தது. ஆபத்து இல்லை என்றும் தெரிந்தது. ஆயினும் குவளை அவர் பல்லில் இடித்து ஒலித்தது. ஒரு நாழிகை கடந்தும் கை நடுக்கம் ஓயவில்லை. அறிவு தேறியிருக்க உடல் ஏன் தேறவில்லை என்று அவரே நாணத்தோடு வினவ, சேந்தியார் விளக்கியது இது. தங்களுக்கும் இது தெரிய வேண்டும் என்பது திருவுள்ளம்.

தலைக்குள் இருக்கும் மூளை, உடலாகிய நாட்டுக்குத் தலைநகர். அதற்குத் தூதர் இருவகை. ஒருவகை நரம்பு, அது குதிரைத்தூதன் போன்றது. கண் வாளைக் கண்டதும், எண்ணம் பிறக்குமுன்பே அது உறுப்புதோறும் பாய்கிறது. காதின் கீழும் நாவின் கீழும் உள்ள எச்சில் ஊற்றுகளுக்கு, இது உண்ணும் வேளையன்று, நீரை அடக்கு என்கிறது. காலுக்கு ஓட ஆயத்தமாகு என்கிறது. மற்றொரு வகை, ஏரி மதகில் திறந்துவிடும் நீர் போன்றது. சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி வைத்தாற்போல் இரு சிறு சுரப்பிகள் உள்ளன. அவை அஞ்சிய நொடியில் ஒரு சாற்றைக் குருதியில் கலக்கின்றன. குருதி செல்லும் இடமெல்லாம் அது செல்கிறது. நெஞ்சை விரட்டுகிறது, கையை நடுக்குகிறது. குதிரையைத் திரும்ப அழைக்கலாம். மதகை அடைத்தாலும், வயலில் பாய்ந்த நீர் வடிந்தே தீர வேண்டும். ஓலைநாயகத்தின் கை, நீர் வடியாத வயல்.

இவ்விரு தூதரும், குற்றம் செய்தாயா என்று கேட்பதில்லை. ஆபத்தா என்று மட்டுமே கேட்கிறார்கள். ஆகவே குற்றமற்றவர் வாயும் வறளும். அஞ்சாத வஞ்சகன் வாயில் நீர் ஊறும்.

எழுவரும் ஒரே முற்றத்தில் நின்றிருக்க, எயினியின் வாய் மட்டும் ஏன் வற்றியது என்று தாங்கள் கேட்கக்கூடும். பேரரசியாரும் கேட்டருளினார். மருதி விடை தந்தாள். இருபது ஆண்டுகளுக்கு முன் அதே முற்றத்தில், தானியம் திருடியதாக அவர்கள் தந்தை பூதன் அரிசி மென்றார். உலர்ந்து வந்தது. ஏழு வயது எயினி கூட்டத்தில் நின்று யானையைப் பார்த்தாள். மருதி அன்று கைக்குழந்தை. ஒருமுறை கண்ட அச்சத்தை உடல் வைத்துக் காக்கும் என்றும், அதே கல், அதே வெயில், அதே அரிசி மணம் வந்தால் கேளாமலே மதகைத் திறக்கும் என்றும் சேந்தியார் கூறினார். எயினியின் வாய் அரிசி தொடுமுன்பே வற்றியிருந்தது. அன்று தீர்ப்பளித்தவரும் தாங்களே.

பூதன் திருடினாரா என்று இனி அறிய வழியில்லை.

ஆகையால் ஆணை. எயினியை விடுவித்து, ஓலை கொணரும் குதிரைவீரர் இளவேட்டனிடம் ஒப்படைக்க. அரிசிச் சோதனை இன்றோடு இந்நாட்டில் ஒழிக. தாழின் திறவுகோல் யாரிடம் இருந்தது, அன்று காவல் மாறியது எப்போது, யார் எங்கே கண்டார் என்று சான்றுகளால் தேடுக.

இன்னும் ஒன்று. இவ்வோலை வாசித்து முடியும்போது இளவேட்டன் தங்கள் அருகில் வாள் உருவி நிற்பார். அஞ்சற்க, அவர் வெட்ட வரவில்லை. தாங்கள் தாழ் திறக்கவில்லை என்பதைப் பேரரசியார் ஐயமின்றி அறிவார். எனினும் பூதன் நின்ற இடத்தில் தாங்கள் நின்று, ஒரு பிடி அரிசியை மென்று துப்பி, அதைத் தேக்கிலையில் பொதிந்து தங்கள் முத்திரையிட்டு அனுப்புக. வேறு மறுமொழி எழுத வேண்டா. அதையே பேரரசியார் பிரித்துப் பார்ப்பார்.

முதல் ஏட்டில் எழுத்துகள் கோணியிருப்பது எழுத்தாணியின் பிழையன்று. பொறுத்தருள்க.

பௌர்ணமிக்கு இரண்டு பகல் உள்ளபோது நாரை முத்திரை இட்டது. வழியிலுள்ள ஊரார் இக்குதிரைக்கு நீர் காட்டுக; எவரும் தடுக்கற்க. ஓலை முந்துக, யானை பிந்துக.