தலைவரிடம் கேளுங்கள்

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே? குட்டி ஹம்சாவுக்கு இருமல் நின்றதா? அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், இரண்டு நாளாகக் குளிக்கவில்லை, அவ்வளவுதான். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

திருவான்மியூர் குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது என்னை. சனிக்கிழமை தொட்டி கழுவ வேண்டும், ஞாயிறு தண்ணீர் லாரி வரும் என்று நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்தேன். செயலாளர் சாரநாதன் அதைப் படித்துவிட்டு, தென்காசியில் இருக்கும் உங்களுக்கு போன் போட்டிருக்கிறார். நீங்களும் பெரிய மனுஷராக, “ஞாயித்துக்கிழமையே கழுவுங்க சார், எல்லாரும் வீட்ல இருப்பாங்க” என்றிருக்கிறீர்கள். லாரி வந்தபோது ஆட்கள் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த லாரி அப்படியே திரும்பிப் போய்விட்டது.

ஏன் சார் என்று கேட்டால், “உங்க வீட்டு சாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான் மேடம்” என்கிறார். மாடிப்படியில் யாரோ, “லேடீஸ் கையில குடுத்தா இப்படித்தான்” என்கிறார்கள். யோசனை உங்களுடையது, திட்டு எனக்கா?

இனி அவர் கூப்பிட்டால், “தலைவர்கிட்ட கேளுங்க” என்று மட்டும் சொல்லுங்கள்.

ஹம்சாவின் பழைய போர்வை ஒன்றைத் துவைக்காமல் பார்சலில் அனுப்புங்கள். இங்கே போர்வை கிடைக்காமல் இல்லை.

லாரி ஹாரன் கேட்கிறது, ஓடுகிறேன். ஒன்று மட்டும். போன வாரம் சாரநாதனோடு நான்கு முறை பேசியிருக்கிறீர்கள். என்னோடு ஒரு முறை.

நீரஜா